இழுத்தா ஓடுற குதிரை

இந்த மண்பாதை இருக்கே, நேரா போய் லாரி ஓடுற ரோட்டுலதான் முட்டுது. போன மாசம் இந்தக் கருப்புக் குதிரை, வளர்த்த பையனையே அங்க தூக்கி எறிஞ்சிச்சு. மூணாம் நாள் அவன் செத்துப் போயிட்டான். இன்னிக்கு அது மேல அவன் தங்கச்சி. ரோட்டுக்கு முன்னால நிக்கலேன்னா குதிரைக்கு நாளைக்கு விஷ ஊசிதான்னு அப்பா சொல்லிட்டாரு. "நிறுத்திக் காட்டுறேன்"னு அவ அடம்பிடிச்சு ஏறிட்டா. பாதை ஆரம்பிச்சதுமே குதிரைக்குக் காது விறைக்குது, வாயில நுரை தள்ளுது. தினமும் இதே இடத்துல ஓட விட்டுப் பழக்கினது யாரு, இவங்கதானே! அம்மாடி, பாய்ஞ்சிருச்சு. மண்ணு தெறிக்குது. முள்கம்பி வேலியைப் பிடிச்சுக்கிட்டு அப்பா கத்துறாரு: "இழும்மா, விடாம இழு!" அவ திருப்பிக் கத்துறா: "நீ சும்மா இருப்பா! இழுத்தா அதுவும் எதிர்த்து இழுத்துக்கிட்டு ஓடும்!" கடிவாள வாரை அவ பிடிக்கிறா, கொஞ்சம் விடுறா, மறுபடி பிடிக்கிறா. முதுகு வளையாம அப்படியே உக்காந்திருக்கா. ரோட்டுக்குப் பத்தடி இருக்கையில குதிரை நடைக்கு வந்து நிக்குது. விலா ரெண்டும் துருத்தியாட்டம் ஏறி இறங்குது. அவ திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறா. அப்பா சிரிக்கல. கம்பி கிழிச்ச உள்ளங்கையைப் பார்த்துக்கிட்டே, "அன்னிக்கும் நான்தானே இழுடா இழுடான்னு கத்தினேன்"ங்கிறாரு.