மெஷின் மேல் பழி

"மூணு நாளா ஒரு லேபிள். ஒரே ஒரு லேபிள்! என்ன சார் ஆபீஸ் நடத்தறீங்க?"

வாடிக்கையாளர் மேஜையைத் தட்டிய சத்தம் உள்ளறை வரை கேட்டது. தன் கம்ப்யூட்டர் முன்னால் டிசைனர் தலையைக் குனிந்துகொண்டாள்.

"மெஷின் பழசு சார். இன்னிக்கு மட்டும் நாலு தடவை நின்னு போச்சு" என்றார் முதலாளி.

அவள் அவரிடம் சொன்னது இரண்டு தடவைதான்.

"நின்னு போச்சுன்னா தூக்கிப் போட்டுட்டு வேற வாங்க வேண்டியதுதானே?"

"வாங்கணும் சார். ஓடற வரைக்கும் ஓடட்டுமேன்னு பாக்கறேன்."

"எச்சில் கையால காக்கா ஓட்டாத ஆளுகிட்ட வேலை கொடுத்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும்!"

வாசல் கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

பக்கத்து மேஜைக்காரி நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தாள். "கேட்டீங்களாக்கா? இவ்வளவு வாங்கிக் கட்டிக்கிட்டும் மனுஷன் மசிய மாட்டேங்கறார். நீங்களும் வாயில்லாப் பூச்சியா உக்காந்திருக்கீங்க."

"போகட்டும் விடு."

வேறென்ன சொல்வாள்? அன்றைக்கு மெஷின் ஒரு தடவைகூட நிற்கவில்லை. நின்றது அவள் கை.

எட்டு மாதத்துக்கு முன் குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு உடைந்தது. தகடு வைத்தார்கள். இரண்டு மாத லீவு முடிந்ததும், "சுத்தமா சரியாயிடுச்சு சார்" என்று வந்து உட்கார்ந்துவிட்டாள். வீட்டில் வேலைக்குப் போகிறவள் அவள் ஒருத்திதான். ஆனால் மௌஸைப் பிடித்து ஒரு வளைகோடு இழுப்பதற்குள் விரல்கள் மரத்துப்போகும். மேஜைக்கு அடியில் கையை உதறி, பிசைந்து, மறுபடி பிடிக்க வேண்டும். அரை மணி நேர வேலை அரை நாள் ஆனது.

மெஷினோ முன்னைவிடச் சுறுசுறுப்பாகவே இருந்தது. இரண்டு மாதம் ஓய்வு எடுத்திருக்கிறதே, இருக்காதா என்று நினைத்துக்கொண்டாள்.

முதல் தாமதத்துக்கு முதலாளி காரணம் கேட்டபோது, "மெஷின் ஸ்லோ சார்" என்று வாயில் வந்துவிட்டது. அவர் நம்பிவிட்டார். அதையே பிடித்துக்கொண்டாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஆடத் தெரிந்தவளுக்கும் அந்தக் கதி வந்தது.

அவர் புதுசு வாங்க மறுத்த ஒவ்வொரு தடவையும் அவளுக்கு மூச்சு வந்தது. புதுசு வந்துவிட்டால் யார்மேல் பழி போடுவது?

மறுநாள் காலை பக்கத்து மேஜைக்காரி ஒரு தாளை நீட்டினாள்.

"உங்களுக்குப் புது மெஷின் கேட்டு மனு எழுதியிருக்கேன். எல்லாரும் போட்டாச்சு. உங்க கையெழுத்துதான்க்கா பாக்கி."

தன் வேலைக்குத் தானே உலை வைக்கிற மாதிரி, கோணல்மாணலாக ஒரு கையெழுத்துப் போட்டாள்.

முதலாளி மனுவை இரண்டு தடவை படித்தார். "சரி. மாத்தணுமா, மாத்தறதுன்னா எப்போன்னு நம்ம சர்வீஸ் ஆளு பாத்து எழுதிக் கொடுக்கட்டும்."

"உங்க ஆளு உங்களுக்குத் தோதாத்தான் சார் எழுதுவாரு" என்றாள் பக்கத்து மேஜைக்காரி. " எங்க சித்தப்பா இதே தொழில்தான். அவர் வரட்டும்."

"சரி, வரட்டும்" என்று முதலாளி மனுவை மடித்துப் பைக்குள் வைத்தார்.

மதியம் அவளைத் தவிர எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் சித்தப்பா வந்தார். திருகாணிகளைக் கழற்றி, மூடியை எடுத்து, உள்ளே டார்ச் அடித்தார். பிறகு அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"இதையாம்மா பழசுன்னு சொன்னீங்க? கூடுதான் பழசு. உள்ள எல்லாம் புத்தம் புதுசு. இந்த ஆபீஸ்லயே இதுதான் ராஜா. இது எப்படிம்மா நிக்கும்?"

அவள் அவசரமாக மூடியை எடுத்து மூடப் போனாள். திரும்பினால், கதவருகே முதலாளி.

"சார்... மெஷின் மேல தப்பில்ல சார். என் கைதான்..."

"தெரியும்மா."

"தெரியுமா? எப்பலேர்ந்து?"

"நீங்க லீவுல இருந்தப்பவே உள்ள எல்லாத்தையும் மாத்திட்டேன். கட்டுப் பிரிச்ச கையோட வர்றவங்களுக்கு மெஷினாவது வேகமா இருக்கட்டுமேன்னு. அதைச் சொல்லலாம்னு வந்தா, நீங்க ‘மெஷின் ஸ்லோ’ன்னுட்டீங்க. அதுக்கப்புறம் நான் எந்த வாயால சொல்றது?"

"அப்போ நேத்து அந்தக் கஸ்டமர் உங்களைப் பேசின பேச்சு..."

"பேசட்டும். கஞ்சன்னு பேர் வந்தா எனக்கு ஒண்ணும் குறைஞ்சு போகாது. டிசைனருக்குக் கை போயிடுச்சுன்னு பேர் வந்தா, யாரும்மா உங்களை நம்பி வேலை தருவாங்க?"

ஆறு மாதமாக நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தது இறங்கியதில், அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கண் கலங்கியது. சிரிப்பும் வந்தது.

திருகாணிகளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சித்தப்பா முழித்தார். "அதெல்லாம் சரிங்க. நான் இப்போ என்னத்தை எழுதறது? எங்க வீட்டுப் பொண்ணு சாப்பிட்டு வந்ததும் ரிப்போர்ட் எங்கேன்னு நிப்பா. லேசுல விடமாட்டா."

முதலாளி டிசைனரிடம் கேட்டார். "கை முழுசா சரியாக எவ்வளவு நாள் ஆகும்னாரு டாக்டர்?"

"பயிற்சியை விடாம செஞ்சா, இன்னும் நாலு மாசம் சார்."

அவர் சித்தப்பாவின் பக்கம் திரும்பினார்.

"எழுதிக்கோங்க. ‘மெஷினை மாத்த வேண்டிய அவசியமே இல்ல. நாலு மாசத்துல தானா சரியாயிடும்.’"