கோரைக்குள் ஒரு மிதவை

அசரியாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே பாய்ப்படகுச் சங்கத்துச் செயலாளர் ராஜகோபாலன் முடிவு கட்டினார்.

பதினொரு வருஷமாகப் பந்தயப் பாதை போடுகிறவர் அசரியா. படகுகள் சுற்றிவர வேண்டிய மிதவையை எங்கே கட்டினால் அவற்றுக்கு நல்ல காற்று கிடைக்கும் என்பது அவருக்கு அத்துப்படி. அப்படிப்பட்ட மனுஷன், நடு ஏரியில் காற்று பிய்த்துக்கொண்டு போக, வடக்கு மூலையில் கோரை மண்டிய இடத்தில் கொண்டுபோய் முதல் மிதவையைக் கட்டியிருந்தார்.

கோப்பை கொடுக்கக் கலெக்டர் வந்து உட்கார்ந்தாயிற்று. பன்னிரண்டு படகும் கோரையில் சிக்கி ஊர்ந்துகொண்டிருந்தன. தாம்பரத்திலிருந்து சைக்கிளில் வந்த கூட்டம் சிரித்தது. ராஜகோபாலனுக்கு மானம் போயிற்று.

போதாததற்குக் கரையில் அம்மணி வேறு. மூன்று நாளுக்கு முன் மீன் பிடிக்கப் போன அவள் புருஷன் வேதாசலம் திரும்பவில்லை. கிராமத்தில் இருந்த ஒரே பரிசலும் அவனோடு போயிற்று. ஃபயர் சர்வீஸ்காரர்கள் நடு ஏரியை மட்டும் தேடிவிட்டு நேற்றே கிளம்பிவிட்டார்கள். முகத்தையாவது ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று அவள் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் உட்கார்ந்திருந்தாள். நேற்று சங்கத்துக்கு வந்து அழுதவளை ராஜகோபாலன் ஆறுதல் சொல்லித்தான் அனுப்பினார். பாவம்தான், யார் என்ன செய்ய முடியும்?

"இதோட உமக்கும் நமக்கும் முடிஞ்சுது அசரியா. அடுத்த பந்தயத்துக்கு வேற ஆளைப் பார்த்துக்கறேன்" என்றார்.

அசரியா கோரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எதிர்காற்றில் பாய்ப்படகு நேராகப் போக முடியாது. பன்னிரண்டும் இடமும் வலமுமாக வளைந்து வளைந்து, அந்த மூலையை இண்டு இடுக்கு விடாமல் உழுதன.

முன்னால் போன படகில் இருந்த துரை சட்டென்று பாயை இறக்கினான். எழுந்து நின்று கரையைப் பார்த்துக் கையை உயர்த்தினான். பின்னால் வந்த படகுகளும் அப்படியே நின்றன.

அம்மணி தலையிலடித்துக்கொண்டு தண்ணீருக்குள் ஓடினாள்.

அசரியா தொப்பியைக் கழற்றினார். கண் கலங்கியிருந்தது.

"தெரிஞ்சேதான் மிதவையை அங்க கட்டினீரா?" ராஜகோபாலன் கேட்டார்.

"ஆமா சார். பந்தயத்துக்குத் தவிர வேற எதுக்கும் படகு தர முடியாதுன்னு நேத்து அவகிட்ட சொல்லிட்டீங்களே. அதான், பந்தயத்தையே அங்க வெச்சேன்."