படகுக்கு விட்ட இடம்

துறைமுகச் சுவரில் சாய்த்துவைத்த பலகையில் தங்கை வரைந்த கடல் ஏறக்குறைய முடிந்துவிட்டது. நடுவில் ஒரு படகளவு மட்டும் வெறும் தாளாக நிற்கிறது. அது அண்ணனின் வெள்ளைப் படகுக்கு விட்ட இடம். நேற்று மாலையே திரும்பியிருக்க வேண்டிய படகு. "அந்த ஓட்டையை அடைச்சுத் தொலையேன், என்னால அதைப் பாக்க முடியல," என்கிறாள் அண்ணி. "வாட்டர்கலர்ல வெள்ளைய தனியா பூச மாட்டோம் அண்ணி. தாளை அப்படியே விட்டாதான் வெள்ளை. அடைச்சுட்டா திரும்பி வராது." சொல்லி முடித்த பிறகுதான் தங்கை நாக்கைக் கடித்துக்கொள்கிறாள். அண்ணியின் முகத்தைப் பார்க்க முடியாமல், வானத்துக்கு இன்னொரு முறை சாம்பல் நிறம் பூசுகிறாள். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க. ஒரு சொட்டுத் தண்ணி பட்டாலும் படம் போச்சு." அப்போது அலைத்தடுப்புக்கு அப்பால் ஓர் இன்ஜின் இருமுகிறது. அந்த இருமல் வேறு எந்தப் படகுக்கும் கிடையாது. அண்ணி ஒற்றைச் செருப்போடு ஓடுகிறாள். தங்கை தூரிகையைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நிற்கிறாள். படகு கரை சேரும்வரை பொறுக்காமல் குதித்து நீந்திய அண்ணன், தலையெல்லாம் தண்ணீராக வந்து படத்தின் மேல் குனிகிறான். "இன்ஜின் மக்கர் பண்ணிடுச்சு. அது சரி, என் போட்டு எங்க?" சொட்டுகள் ஈர வானத்தில் விழுந்து பூப்பூவாக விரிகின்றன. "ஐயையோ, படம் போச்சா?" தங்கை அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொள்கிறாள். "போனா போகுது. நீ நல்லா சொட்டுண்ணா."