கிடந்த இடம்

தட்டை வீசிக் கூடையில் விழவைக்கும் டிஸ்க் கோல்ஃப் ஆட்டத்தில், ஓடைக்கு அக்கரையில் இருந்த சங்கிலிக் கூடையைப் பார்த்து ஹேமா வீசிய பிளாஸ்டிக் தட்டு அங்கிருந்த புதருக்குள் போய்விட்டது. தேடிப் போனவள் கையில் அகப்பட்டது வேறொரு தட்டு. பாசியைத் துடைத்துத் திருப்பினால் அண்ணன் பெயரும் போன் எண்ணும். ‘என் தட்டு ஓடையைத் தாண்டிருச்சு’ என்று போன வருடம் அவன் சாதித்தபோது, ‘அழுகுணி ஆட்டம் ஆடாத’ என்றிருந்தாள். பாதி ஆட்டத்தில் கிளம்பிப் போனவன்தான், அதோடு பேச்சே இல்லை.

அந்த எண்ணுக்கே அழைத்தாள்.

“உன் தட்டு கிடைச்சிருச்சுண்ணா. தாண்டித்தான் விழுந்திருக்கு.”



“கையில எடுத்துட்டியா?” என்றான் அண்ணன்.

தட்டு விழுந்த இடத்திலிருந்துதான் அடுத்த வீச்சு என்பது ஆட்டத்தின் விதி. ஹேமா குனிந்து, அதைப் புதரடியில் பழையபடி வைத்தாள்.

“இல்லண்ணா. கிடந்த இடத்துலயே கிடக்கு.”