ஐந்தாவது குட்டி

பீங்கான் கம்பெனி வேன் வாசலில் நின்று ஹாரன் அடிக்கிறது. விமலாராணி எழுந்திருக்கவில்லை. அவள் மடியில் வெள்ளை முயல் மல்லாந்து கிடக்கிறது. நேற்று குட்டி போடுமுன் தன் வயிற்று முடியைத் தானே பிடுங்கிப் படுக்கை போட்டது அது. அந்தப் படுக்கையை, கம்பெனியிலிருந்து கொண்டுவந்த பழைய ஜிப்சம் அச்சுக்குள் எடுத்து வைத்தவள் இவள். களிமண்ணின் ஈரத்தை உறிஞ்சுகிற அச்சு குட்டிகளின் சூட்டையும் உறிஞ்சிவிடும் என்று, பத்து வருஷமாக அதைத் தொட்டு வேலை செய்தவளுக்குத் தோன்றவில்லை. விடிந்தபோது நான்கு குட்டிகள் விறைத்துக் கிடந்தன. மிஞ்சிய ஒன்று அவள் உள்ளங்கைச் சூட்டில் லேசாக நெளிகிறது. “மனுஷக் கை பட்டுடுச்சி, இனிமே தாய் சேக்காது, வுடு,” என்கிறான் கணவன் அருளானந்தம். “சேக்கலன்னா நான் சேக்க வைக்கிறேன். வேன போவச் சொல்லுங்க.” முயல் உதைக்கிறது. அவள் மணிக்கட்டில் நகம் கீறி ரத்தம் துளிர்க்கிறது. பிடியைத் தளர்த்தாமல் குட்டியின் வாயை முலைக்காம்பில் பொருத்துகிறாள். நழுவுகிறது. மறுபடியும் பொருத்துகிறாள். வேன் சத்தம் தெருமுனையில் தேய்ந்து போகிறது. ஜன்னல் வெயிலில், குட்டியின் மெல்லிய வயிற்றுத் தோலுக்கு அடியில், வெள்ளையாகப் பால் இறங்குவது தெரிகிறது.