படமும் குரலும்

மலைப்பாதையில் பேருந்து ஏற ஏற, அற்புதத்தின் கைப்பேசித் திரையில் மகள் ஜெசிந்தாவின் முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. வீட்டில் தனியாக இருந்த அவளுக்குப் பின்னால், புழக்கடைக் கதவைத் திறந்துகொண்டு ஓர் ஆள் நுழைவது தெரிந்தது.

"பின்னால ஆளுடி! முன்வாசல் வழியா ஓடு!"

"என்னம்மா? விட்டு விட்டுக் கேக்குது" என்று சிரித்தாள் மகள்.

சிக்னல் ஒற்றைக் கோடாக இறங்கியிருந்தது. இருக்கிற கொஞ்சத்தையும் படமே தின்றுகொண்டிருந்தது. படத்தை நிறுத்தினால் குரலாவது போய்ச் சேரும். ஆனால் அதற்குமேல் மகளைப் பார்க்க முடியாது. வீடியோவை நிறுத்திவிட்டு மறுபடியும் கத்தினாள். பேருந்தே திரும்பிப் பார்த்தது.

மறுமுனையில் நாற்காலி விழும் சத்தம் தெளிவாகக் கேட்டது. பிறகு ஓடும் காலடிகள். ஓடுவது ஒருவரா இருவரா என்று பிடிபடாமல், அற்புதம் கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.