தாலாட்டுத் தெரியாத தாய்

"பிசினஸ் கிளாஸில கைப்பிள்ளையைக் கொண்டுவந்து எனக்குப் பக்கத்திலேயே இருத்தியிருக்கிறாங்கள், பாலேசு! இதை நான் எங்க போய்ச் சொல்ல?"

விமானம் இன்னும் கொழும்பு கட்டுநாயக்காவை விட்டு அசையவில்லை. அதற்குள் சிவபாலன் லண்டனில் இருக்கும் மனைவிக்குப் போன் போட்டுவிட்டார்.

"மெதுவாக் கதையுங்கோப்பா. பக்கத்தில ஆக்களுக்குக் கேக்கப்போகுது."

"கேட்டா என்ன, விளங்கவா போகுது? சிங்களப் பிள்ளை. ஏறினதில இருந்து எயார் ஹோஸ்டஸோட சிங்களத்திலதான் பொரிஞ்சு தள்ளுது. மடியில ஒண்டரை வயசில ஒரு குரங்குக்குட்டி. இப்பவே சன்னலை நக்குது. இதுகளுக்கெல்லாம் ஆர் பிசினஸ் கிளாஸ் டிக்கெட் குடுக்கிறது?"

போனை வைத்துவிட்டு அந்த இளம் தாயின் பக்கம் திரும்பி, "ஸோ க்யூட்!" என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

அவள் ஒரு கணம் அவரையே பார்த்தாள். பிறகு, "தேங்க்யூ அங்கிள்," என்றாள்.

சிவபாலனின் எரிச்சலில் நியாயம் இல்லாமல் இல்லை. நாளைக் காலை ஒரே மகள் உஷாந்திக்குக் கல்யாணம். விசா முந்தாநாள்தான் கைக்கு வந்தது. இரவு இறங்கி, இன்னும் மூன்று மணித்தியாலம் காரில் ஓடி, விடியக் குளித்து முழுகி, மணவறையில் சம்மணம் கட்டி இருந்து மகளைத் தாரை வார்க்க வேண்டும். இடுப்பு நாரியோ ஒப்பரேஷன் செய்த நாரி. "பிளேனில நீட்டி நிமிர்ந்து நித்திரை கொண்டாத்தான் மணவறை. இல்லாட்டிக் கதிரையில இருந்து கல்யாணம் பாருங்கோ," என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதற்காகத்தான் மருமகனாகப் போகிறவர், கட்டிலாக விரிகிற இந்த ஆசனத்தை எடுத்துக் கொடுத்தார்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே!

சாப்பாடு முடிந்ததும் கட்டிலை விரித்துப் போர்வையைத் தலைவரை இழுத்தார். அந்த நிமிடமே பிள்ளை வீரிட்டது. விமானமும் குலுங்கத் தொடங்கியது. யாரும் எழும்பக்கூடாது என்று பெல்ட் விளக்கு எரிந்தது.

"அம்மா... அம்மா..."

அந்தச் சொல் இரண்டு பாஷைக்கும் ஒன்றுதான். காதைக் கிழிப்பதும் ஒன்றுதான்.

தாய் பிஸ்கட் கொடுத்தாள். துப்பியது. கார்ட்டூன் போட்டாள். ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தது. அது நேராக வந்து சிவபாலனின் நெற்றியில் விழுந்தது.

"சொறி அங்கிள், ஐ ஆம் ஸோ சொறி!"

"நோ ப்ராப்ளம், நோ ப்ராப்ளம்," என்று சிரித்தவர், போர்வைக்குள் போனதும் தமிழுக்கு மாறினார். "சனியன்!"

பிள்ளை இப்போது தாயின் வாயில் கையால் அடிக்கத் தொடங்கியது. அடிப்பதும், அவள் முகத்தைப் பார்ப்பதும், மறுபடி அடிப்பதும். அவளோ முதுகைத் தட்டித் தட்டி, "ஷ்... பேபி, ஷ்..." என்பதோடு சரி. ஒரு தடவை வாயைத் திறந்தாள். சிவபாலனைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

"பெத்த தாயின்ர வாயிலயே அடிக்குது! வளர்ப்பைப் பார்!" சத்தமாகவே சொன்னார். அடுத்தவருக்கு விளங்காத பாஷையில் திட்டுவதில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது. "எங்கட பொம்பிளையளெண்டா ஒரு தாலாட்டைப் பாடி அஞ்சு நிமிசத்தில நித்திரையாக்கியிருப்பினம். இதுக்கு அது எங்க தெரியப்போகுது?"

மணியை அழுத்திப் பணிப்பெண்ணைக் கூப்பிட்டு வேறு ஆசனம் கேட்டார். ஒன்றும் காலி இல்லையாம்.

ஒரு மணித்தியாலமாக இதே அழுகை! நாரி விண்விண்ணென்று வலித்தது. மகளின் கல்யாணத்தை ஓரமாகக் கதிரையில் இருந்து பார்க்கும் கோலம் கண்முன் வந்தது. அவருக்கே அழுகை வந்துவிட்டது.

ஒருவழியாகப் பெல்ட் விளக்கு அணைந்தது. தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பணிப்பெண்கள் நிற்கும் திரைக்குப் பின்னால் ஓடினாள். ஐந்து நிமிடம் போயிருக்காது, அழுகை நின்றுவிட்டது.

சிவபாலனுக்கு உயிர் வந்தது. கூடவே ஒரு யோசனையும் வந்தது. லண்டன் போகுமட்டும் இந்தப் பெண்ணை அங்கேயே வைத்திருக்கும்படி பணிப்பெண்ணிடம் சொல்லிவிட வேண்டும். நாரியைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய்த் திரையை விலக்கினார்.

அவள் பிள்ளையைத் தோளில் போட்டு ஆட்டியபடி, மெல்லிய குரலில் பாடிக்கொண்டிருந்தாள். தாலாட்டு. தமிழ்த் தாலாட்டு. பாலேஸ்வரி உஷாந்திக்குப் பாடிய அதே இராகம். பிள்ளை அவள் உதட்டில் உள்ளங்கையை வைத்தபடி நல்ல நித்திரை.

சிவபாலன் திரையைக் கையில் பிடித்தபடியே கேட்டார்.

"பிள்ளை... நீங்கள் தமிழோ?"

"ஓம் அங்கிள். வெள்ளவத்தைதான்."

அதே கொழும்பு வெள்ளவத்தைச் சந்தையில் நாற்பது வருஷமாகச் சிங்களத்திலேயே மீன் விலை பேசுகிறவர் சிவபாலன். அடுத்த தமிழரும் அப்படித்தான் என்று அவருக்குத் தோன்றாமல் போய்விட்டது.

"அப்ப நான் போனில கதைச்சது... பிறகு சொன்னதெல்லாம்..."

"விளங்கினது அங்கிள். இவன் அடிக்கிறேல்லை. பாடச் சொல்லித்தான் என்ர வாயைத் தட்டுறவன். பாட்டில்லாமல் நித்திரை கொள்ளமாட்டான்."

அந்தத் திரைக்குள்ளேயே புதைந்துவிடலாம் போல இருந்தது அவருக்கு. வெட்கத்தை மறைக்கக் கோபம்தான் கைகொடுத்தது.

"அப்ப ஏன் பிள்ளை இவ்வளவு நேரமும் எல்லாரையும் வதைச்சனீங்கள்? சீட்டில இருந்தே பாடியிருக்கலாமே!"

அவள் பிள்ளை எழும்பிவிடாமல் குரலைத் தாழ்த்தினாள்.

"பாடினா நான் தமிழெண்டு உங்களுக்குத் தெரிஞ்சிடுமே. பிறகு லண்டன் போகுமட்டும் என்ர முகத்தைப் பார்க்க ஏலாமல் நீங்களெல்லோ அந்தரப்பட்டிருப்பீங்கள், அங்கிள்!"